வாயில் திறந்தது, வாய் திறக்கட்டும்!

காலை எட்டு மணி. தாம்பரம் இரயில் நிலையம். செங்கல்பட்டுப் பக்கமிருந்து ஒரு வண்டி, கடற்கரைப் பக்கமிருந்து ஒரு வண்டி; இரண்டும் வந்து நின்று, மக்கள் வெள்ளத்தைக் கொட்டிவிட்டுப் போகின்றன. ஆண்டுதோறும் கோடை முடிந்து கல்லூரிகள் திறக்கும் நாட்களில், அந்த வெள்ளத்திலே சில புதுமுகங்களைக் காண்கிறேன். தோளிலே புதுப் பை. கழுத்திலே கசங்காத அடையாள அட்டை. கண்ணிலே ஆவல் பாதி, அச்சம் பாதி.

பார்த்த மாத்திரத்திலே தெரிந்துகொள்வேன், இவர் வீட்டிலே கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் ஆள் இவர்தான் என்று. எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே நடைமேடையில், அதே கண்களோடு நின்றவன் நான்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931இல். அன்று தொட்டு அலுவலகம் செல்வோரையும் ஆலைத் தொழிலாளரையும் சுமந்து வந்த தடம், இன்று தோல் பதனிடுவோரின் மகனையும் சித்தாள் வேலை செய்வோரின் மகளையும் பட்டப் படிப்புக்குச் சுமந்து செல்கிறது. மனம் மகிழத்தான் செய்கிறது. ஆனால், சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதிலே வந்த தொலைபேசி அழைப்பு, அந்த மகிழ்ச்சியின் மீது தண்ணீர் தெளித்தது.

அழைத்தவள் என் மாணவி. பல்லாவரத்துக்கு அருகே நான் பணியாற்றும் பள்ளியிலே படித்து, கணக்கிலே நல்ல மதிப்பெண் பெற்று, கல்லூரியிலே சேர்ந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன.

“சார், படிப்பை நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறேன்.”

“ஏனம்மா? பணம் கட்ட முடியவில்லையா?”

“பணம் இல்லை சார். எல்லாரும் எழுந்து தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார்கள். நான் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. சிரித்தார்கள். இது எனக்கான இடமில்லை சார்.”

இது எனக்கான இடமில்லை! இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சு ஏன் அப்படிக் குத்திட்டு நின்றது என்பதைச் சொல்ல வேண்டுமானால், என் குற்றம் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். என் தந்தை பல்லாவரத்திலே தோல் பதனிடும் தொழிலாளி. பொருளியல் வகுப்பிலே என் பக்கத்தில் அமர்ந்தவன், சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வருபவன். நான் பல்லாவரத்திலிருந்து தெற்கே வருவேன். அவன் வடக்கே வருவான். தாம்பரம் நிலையத்து மேம்பாலத்திலே இருவரும் கூடி, பேருந்து பிடிப்போம். அவனுடைய சோற்றுப் பெட்டியில் பாதி என்னுடையது. என்னுடையதில் பாதி அவனுடையது.

ஒரு நாள் நாட்டு வருமானம் பற்றிப் பாடம். ஆண்டுக்காண்டு அது உயர்ந்து வருவதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். என் நண்பன் எழுந்தான். தமிழிலே கேட்டான்: “நாட்டின் வருமானம் இவ்வளவு உயர்ந்திருக்கிறது என்கிறீர்கள். எங்கள் ஊரிலே என் அப்பாவின் கூலி உயரவில்லையே சார், ஏன்?”

பொருளியலின் அடிவயிற்றைத் தொட்ட கேள்வி அது. மொத்த வருமானம் வேறு, அதன் பங்கீடு வேறு. சராசரி உயர்ந்தால் ஒவ்வொருவர் கையிலும் காசு உயர்ந்தது என்று பொருளாகாது. பெரும் பெரும் அறிஞர்கள் ஏடு ஏடாக எழுதிய விடயம். ஆனால் அன்று அவனுக்குக் கிடைத்த விடை என்ன? “முதலில் ஆங்கிலத்தில் கேட்கக் கற்றுக்கொள்” என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது.

நானும் சிரித்தேன்.

ஆம், நானுந்தான்! அவனோடு சேர்த்து என்னையும் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம். ஊரோடு ஒத்து வாழ் என்று பழக்கப்பட்ட கோழை உள்ளம். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்; எதுவும் சொல்லவில்லை. அதன்பின் அவன் வகுப்பிலே கேள்வி கேட்டதில்லை. அடுத்த பருவம் தொடங்கியபோது மேம்பாலத்திலே நான் காத்து நின்றேன், அவன் வரவில்லை. கட்டணம் கட்டியிருந்தது, இடம் இருந்தது, ஆள் இல்லை.

புதிதாகக் கல்லூரி புகும் தம்பியரே, தங்கையரே! இடம் கிடைப்பது வேறு. இடம் பெறுவது வேறு. முன்னது, உங்களுக்கு முன் வந்தோர் போராடிப் பெற்றுத் தந்தது. பின்னது, நீங்களே செய்துகொள்ள வேண்டியது.

முன்னோர் இதை அறிந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, வெளியூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர் பலருக்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் கிடைப்பது அரிதாக இருந்தது. கல்லூரி வாயில் திறந்திருக்கும். உணவு விடுதியின் வாயில் சாதி கேட்கும். மருத்துவர் நடேசனார் என்ன செய்தார்? ‘கல்லூரிதான் இடம் கொடுத்துவிட்டதே’ என்று இருந்துவிடவில்லை. 1916ஆம் ஆண்டு திருவல்லிக்கேணியிலே ‘திராவிடர் இல்லம்’ கண்டார். படுக்கப் பாயும் பசிக்குச் சோறும் மட்டுமா கிடைத்தன அங்கே? ‘நாம் தனியர் அல்லர்’ என்ற எண்ணமும் கிடைத்தது.

வாயிலைத் தாண்டி உள்ளே போன பின்னும் பானையிலே சாதி இருந்தது. 1943ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசினர் கல்லூரி விடுதியிலே பார்ப்பன மாணவருக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவருக்கு வேறு பானை. ‘ஏன் இரண்டு பானை?’ என்று கேட்டவர்கள் மாணவர்கள். அந்தக் கேள்வியிலிருந்து திராவிட மாணவர் கழகம் பிறந்தது. ஒரு கேள்வி, ஒரு கழகம் ஆயிற்று!

கடல் கடந்தும் பாருங்கள். அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலத்திலே கிரீன்சுபரோ என்றொரு நகர். 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறிய மேசையிலே சென்று அமர்ந்தனர். ‘உங்களுக்கு இங்கே இல்லை’ என்றனர், அவர்கள் எழவில்லை. மறுநாள் மேலும் சிலர் வந்து அமர்ந்தனர். சில நாட்களிலே நூற்றுக்கணக்கானோர். அதே ஆண்டு சூலையில் அந்த மேசை அனைவருக்கும் பொதுவாயிற்று. அந்த நால்வர் யார் தெரியுமா? கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த முதலாண்டு மாணவர்கள்! ‘நான் புதியவன், எனக்கென்ன தெரியும்’ என்று தயங்குகிற தம்பி, இதை எண்ணிப் பார்.

கல்லூரி என்பது வகுப்பறை மட்டும் அன்று. நம் தாம்பரத்திலேயே சான்று இருக்கிறது. 1837இல் தோன்றிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி, நூறாண்டுக் காலம் நகரின் நெரிசலிலே நடந்து, 1937இல் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. நான் அங்குப் படித்தவன் அல்லன். சாலையோரம் நின்று அதன் மரங்களைப் பார்த்தவன். அங்கே வகுப்பறைகளோடு சேர்த்தே மாணவர் கூடி வாழும் மூன்று இல்லங்களையும் எழுப்பினர். உண்ணும் கூடத்திலும், விளையாட்டுத் திடலிலும், இரவு வாதங்களிலும் ஒருவன் கற்பது, பாடநூலிலே கற்பதற்குக் குறைந்ததன்று என்பது அவர்கள் எண்ணம்.

‘அதெல்லாம் விடுதியில் தங்குவோருக்கு, மாலையிலே கடையில் வேலை பார்த்தால்தான் எனக்குப் பேருந்துக்குக் காசு’ என்று நீ சொல்வது காதில் விழுகிறது. உண்மை. உன்மீது பழி போட வரவில்லை நான். ஆனால், யார் வீட்டிலே பேச்சும் படிப்பும் பழகிய பொருளோ, அவர்கள் மன்றத்துக்குப் போகாவிட்டாலும் பிழைத்துக்கொள்வார்கள். நமக்கு அந்த மன்றந்தான் வீட்டில் கிடைக்காத பள்ளி. எல்லா மாலையும் வேண்டாம்; வாரத்தில் ஒரு மணி நேரம் கொடு.

எனக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தவர், இரண்டாம் ஆண்டிலே, ஒரு மூத்த மாணவி. தமிழ் மன்றத்துப் பட்டிமன்றத்திலே ஒருவர் குறைகிறார் என்று, பெயர்கூடத் தெரியாத என்னை இழுத்துச் சென்று மேடையேற்றினார். ஐந்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு நிமிடத்திலே மறந்துபோயிற்று. கால்கள் நடுங்கின. ஆனால் மறுநாள் நடைபாதையிலே மூன்று பேர் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்! ஓராண்டுக் காலம் ‘கடைசி வரிசை’யாக இருந்தவனுக்குப் பெயர் கிடைத்தது. பின்னர் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போனேன். வீட்டிலே துடைப்பத்தைத் தொட்டறியாத செல்வர் வீட்டுப் பிள்ளையும் நானும் ஒரே தெருவைப் பெருக்கினோம். இன்று நாற்பது பிள்ளைகள் முன்னே குரல் நடுங்காமல் நிற்கிறேன் என்றால், அந்த இரண்டு நிமிடந்தான் காரணம்.

அந்த மாணவி ஓராண்டு முன்னதாக என்னையும் என் நண்பனையும் கண்டிருந்தால்? இந்த எண்ணம் என்னை விட்டபாடில்லை.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். ஆங்கிலம் பேசுவோன் எல்லாம் அறிவாளி, தமிழிலே கேட்போன் அறிவிலி என்று நினைப்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். ஆங்கிலத்தைக் கற்றுக்கொள், அது உனக்குத் தேவையான கருவி. கருவி கைக்கு வரும்வரை வாயை மூடிக் கொண்டிராதே; தெரிந்த மொழியிலே கேள். நூலகத்திலே உனக்கென ஒரு நாற்காலியைப் பழக்கிக்கொள். ஏதேனும் ஒரு மன்றத்திலே சேர். பேச வராவிட்டால் நாற்காலி எடுத்துப் போடு, அடுத்த ஆண்டு பேசலாம். உன் சாதியல்லாத, உன் ஊரல்லாத ஒருவரோடு அமர்ந்து உண். பகடி என்ற பெயரிலே எவரேனும் உன்னை வதைத்தால் பொறுத்துக்கொள்ளாதே. 1997ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அதைத் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் ‘புதுமைப் பெண்’, மாணவருக்கு 2024 முதல் ‘தமிழ்ப் புதல்வன்’ என மாதம் 1000 ரூபாய் தருவது, நீ ஒதுங்கிக் கிடப்பதற்காக அன்று. அது பிச்சையும் அன்று, உன் உரிமை. நிமிர்ந்து பெற்றுக்கொள்.

மூத்த மாணவர்களே! உங்களுக்கும் ஒரு சொல். வரவேற்பு விழாவிலே பூவும் இனிப்பும் கொடுக்கிறீர்கள், நன்று. மறுநாள் கடைசி வரிசையிலே யார் தனியே உண்கிறார் என்று பாருங்கள். அவர் அருகே போய் அமருங்கள். வரவேற்பு என்பது அதுதான். அவர் கேள்வி கேட்கும்போது பிறர் சிரித்தால், நீங்கள் சிரிக்காதீர்கள். நான் சிரித்தவன், அதன் விலை எனக்குத் தெரியும்.

என் நண்பனைச் சில மாதங்களுக்கு முன்பு தாம்பரம் மேற்கிலே கண்டேன். சிறு சரக்கு வண்டி ஒன்றை ஓட்டுகிறான். ‘வாத்தியார் ஆகிவிட்டாயாமே! நல்லது, நல்லது’ என்று கையைப் பற்றிக்கொண்டான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க என்னை விடவில்லை. பிரியும்போது கேட்டான்: “அன்று நான் கேட்டேனே, அதற்கு விடை என்னடா?”

சாலையோரத்திலே, வண்டிகளின் இரைச்சலுக்கிடையே, எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கவனமாகக் கேட்டான். “இவ்வளவுதானா! இதை அன்றே சொல்லியிருக்கலாமே” என்றான். அவன் சிரித்தான். இம்முறை நான் சிரிக்கவில்லை.

என் மாணவிக்கு அன்று மாலை இந்தக் கதையைத்தான் சொன்னேன். ‘ஒரே ஒரு மாதம் இரு; வாரம் ஒரு கேள்வி கேள்; பிறகு முடிவு செய்’ என்றேன். பத்து நாள் கழித்து மீண்டும் அழைத்தாள்.

“கேட்டேன் சார், தமிழிலேயே. இரண்டு பேர் சிரித்தார்கள்.”

“பிறகு?”

“பக்கத்திலிருந்த பெண் எழுந்து, ‘எனக்கும் அதே சந்தேகம்’ என்றாள் சார்.”

வாயில் திறந்திருக்கிறது, தோழர்களே. வாய் திறக்கட்டும். ஒருவர் எழுந்து கேட்கும்போது, பக்கத்தில் இருப்பவரும் எழட்டும்!