படிக்கத் தெரியும், எழுத வராது

என் அப்பாயிக்குப் படிக்கத் தெரியும், எழுத வராது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். படித்தால் எழுத வந்துவிடும், இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். அப்பாயி காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் பலகையைப் பார்த்து நாகூர் பஸ் எது, கும்பகோணம் பஸ் எது என்று தானே தெரிந்து ஏறுவாள். மீன் மடிக்க வாங்கிவரும் பழைய தினத்தந்தியில் கன்னித்தீவைப் பார்க்காமல் ஒரு தாளைக்கூடக் கிழிக்க மாட்டாள். உதடு அசைய, மெதுவாகப் படிப்பாள். எழுதச் சொன்னால் அவள் பெயர் மட்டும்தான் வரும். அதுவும் நாற்பது வயதில் வந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர், ஏதாவது ஒரு மொழியில் பொருள் புரிந்து எழுதவும் படிக்கவும் முடிந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் எழுத்தறிவு 86 சதவீதம் அளவில் இருந்தது, பெண்களை மட்டும் எடுத்தால் 81 அளவில். மிச்சமிருக்கும் பெண்களில் அப்பாயியும் ஒருத்தி. கணக்கெடுக்க வந்தவரிடம் அவளே பதில் சொன்னாளா என்று கேட்டேன். "தாத்தாதான் வாசல்ல ஒக்காந்து எல்லாத்துக்கும் சொன்னாரு" என்றாள்.

படிப்புக்கும் எழுத்துக்கும் நடுவே இந்தக் கோடு எப்படி விழுந்தது? அப்பாயியைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, அவள் தம்பியை அனுப்பினார்கள். ராத்திரி சிம்னி விளக்குக்கு அந்தப் பக்கம் அவன் சத்தமாகப் படிப்பான், இந்தப் பக்கம் இவள் வலை பிரித்துக்கொண்டு புத்தகத்தைப் பார்ப்பாள். எழுத்தெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத்தான் முதலில் பிடிபட்டதாம். அவள் அப்பா இதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கடிதம் போட்டால், தம்பி இல்லாத நேரத்தில் அவளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு நாள் கரை மணலில் குச்சியால் அவள் ஏதோ எழுதியதைப் பார்த்ததும் காலால் அழித்தார். "பொட்டப்புள்ளைக்கு எழுத்து எதுக்கு? எவனுக்குக் கடுதாசி போடப்போற?" சிங்கப்பூர்க் கடிதத்துக்குப் பதில் எழுத மட்டும் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொண்டார்.

வந்த கடிதத்தைப் பெண் படிக்கலாம், போகிற கடிதம் அவள் கையிலிருந்து போகக் கூடாது. இந்தக் கதையை நான் பல வருடம் எங்கள் குப்பத்துக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். கல்லூரிக்கு வந்த பிறகு ராஸசுந்தரி தேவியைப் பற்றிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில், பெரிய குடும்பத்தின் சமையல்கட்டில், சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டைத் திருடி ஒளித்து வைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுப் படிக்கக் கற்றவர். அவருக்கும் படிப்பு முதலில் வந்தது. எழுத்து வந்தது வெகுகாலம் கழித்து. வெளியூரில் படித்த மகன், அம்மா என் கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை என்று குறைப்பட்டு, தாளும் பேனாவும் மையும் வாங்கித் தந்த பிறகுதான். பிறகு அவர் எழுதிய 'அமார் ஜீபன்' வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று சொல்லப்படுகிறது. மகன் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது. எழுதச் சொல்ல ஒரு மகன் வேண்டியிருக்கிறது.

அப்பாயிக்கு மகன் கேட்கவில்லை, அறிவொளி இயக்கம் கேட்டது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கி, 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலை தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அறிவொளி என்ற பெயரில் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது அதில்தான். பெரியவர்களுக்கான பாடம் என்பதால், அணில், ஆடு என்று குழந்தைகளுக்குத் தொடங்குவது போலத் தொடங்காமல் அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கினார்கள். 'பட்டா' அப்படி ஒரு சொல். நிலத்துக்காரருக்குப் பட்டா, எங்களுக்கு ஏது என்று அப்பாயி கேட்டிருக்கிறாள். தெருவிளக்கின் கீழ் சாயங்காலம் வகுப்பு நடந்தது. மீன் கூடையை இறக்கி, குளித்து, சோறாக்கி வைத்துவிட்டு வருவதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும். பெயர் எழுத வந்ததும் தாத்தா, "அதான் கையெழுத்து வந்துருச்சுல்ல" என்றார். அதோடு நின்றது.

ஆனால் அந்தப் பெயரை அவள் சும்மா வைத்திருக்கவில்லை. 2004 சுனாமியில் வீடு போனது. நிவாரணத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டவர் பழக்கத்தில் மைப்பெட்டியைத் திறந்து அவள் கட்டைவிரலைப் பிடித்திருக்கிறார். அவள் கையை இழுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடுவேன் என்று நின்றாளாம். பின்னால் வரிசை நீண்டு கிடந்தது, எல்லாரும் திட்டினார்கள். போட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். நான் அப்போது பிறக்கவில்லை. குப்பத்தில் இந்தக் கதையைக் கேலியாகத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

கையெழுத்து பற்றி இன்னொரு தாளும் எங்கள் வீட்டில் இருக்கிறது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு 1739இல் போனது, 1954 நவம்பர் 1 அன்றுதான் ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. அதனால் இங்கே பழைய தாள்களை யாரும் எறிவதில்லை, எந்தத் தாத்தா எதற்கு ஒப்புக்கொண்டார் என்று பெட்டி பெட்டியாகத் தேடுவார்கள். அப்படித் தேடியபோதுதான் கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பதிவு கிடைத்தது. குடியுரிமைக்கு உதவவில்லை. தெருமுனையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் படித்துச் சொன்னார். மாப்பிள்ளை, சாட்சிகள் எல்லாரும் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பெண்ணைப் பற்றி ஒரு வரி: கையெழுத்திடத் தெரியாது என்று அறிவித்தாள். அந்த வரி பிரெஞ்சுப் பதிவேடுகளில் வழக்கமாக வரும் வாசகம், எழுத்தர் கை தானாக எழுதியிருக்கும். இருந்தாலும் 'அறிவித்தாள்' என்பதில் நான் நின்றுவிட்டேன். எங்கள் குடும்பப் பெண் ஒருத்தி சொன்னதாகத் தாளில் பதிவான முதல் வார்த்தை, எனக்குத் தெரியாது என்பது.

இத்தனைக்கும் இது எழுதிய பெண்ணின் ஊர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள், பிடிக்கக் கூட்டம் தள்ளும். நானும் சின்ன வயதில் சட்டை கிழியப் பிடித்திருக்கிறேன். புனிதவதி கணவன் அனுப்பிய மாம்பழத்தைச் சிவனடியாருக்குப் படைத்தது, கணவன் பயந்து ஓடியது, அவள் உடம்பை உதறிப் பேயுருவம் கேட்டது எல்லாம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் சொன்னது. அம்மையார் தானே பாடியவை அற்புதத் திருவந்தாதி 101 பாட்டு, இரட்டைமணிமாலை 20, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அவற்றில் மாம்பழம் இல்லை. கணவனும் இல்லை. அறுபத்துமூவரில் பெண்கள் மூன்றே பேர், அவர்களில் பாட்டு விட்டுச் சென்றவர் இவர் ஒருவர்தான். பதிகத்தின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று சொல்லவில்லை. ஊர்ப்பெயரும் பேயும், அவ்வளவுதான் கையெழுத்து. திருவிழாவில் நாம் கொண்டாடுவது அவரைப் பற்றி எழுதப்பட்டதை. அவர் எழுதியதைக் கேட்டால் ஊரில் எத்தனை பேர் சொல்வார்கள்?

அம்மா பத்தாவது வரை படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இப்போது அது மளிகைச் சீட்டிலும் நாள்காட்டியில் பால் கணக்கிலும் மட்டும் இருக்கிறது.

நான் நிறைய எழுதியவள். பன்னிரண்டு வருடம் கை வலிக்க எழுதினேன். கரும்பலகையில் இருந்ததை நோட்டில், நோட்டில் இருந்ததை விடைத்தாளில். 'என் தாய்' கட்டுரையைக்கூட உரைநூலிலிருந்துதான் மனப்பாடம் செய்தேன். அதில் வரும் தாய் தோட்டத்தில் பூப்பறிப்பாள். குப்பத்தில் முதியோர் பென்ஷனா, ரேஷன் கார்டா, எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் வரும். அதிலும் அடுத்தவர் விவரம்தான். கல்லூரி முதலாண்டில் தமிழ் வகுப்பில் ஒரு நாள், இன்று காலையில் உங்கள் வீட்டில் நடந்ததை ஒரு பக்கம் எழுதுங்கள் என்றார் ஆசிரியை. வகுப்பே பேனாவைப் பிடித்துக்கொண்டு விழித்தது. ஒருத்தி, எத்தனை மார்க் மிஸ் என்றாள். நான் அன்று அம்மா எல்லாருக்கும் இட்லி வைத்துவிட்டுத் தனக்கு மிச்சம் இருக்கிறதா என்று சட்டியை எட்டிப் பார்த்ததை எழுதினேன். தினமும் பார்ப்பதுதான். எழுதும்போதுதான் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு போட்டேன். ஆறு மாதத்தில் அண்ணன் எடுத்து, அப்பா எதிரில் சத்தமாகப் படித்தான். எட்டிப் பார்த்த சட்டி, அண்ணன் தட்டை நான் கழுவுவது, கல்லூரி வாசலில் பின்னால் வந்த ஒருவனைப் பற்றி நான் ஏன் வீட்டில் சொல்லவில்லை என்பது, எல்லாம். அப்பா பேசவில்லை, எழுந்து போனார். காலால் மணலை அழித்த கொள்ளுத்தாத்தாவைவிட அது நாகரிகம்தான். ராத்திரி அம்மா வந்து உட்கார்ந்தார். "எழுது, வேண்டாங்கல. எழுதிட்டுக் கிழிச்சுப் போட்டுடு. மனசுல உள்ளது எறங்கிடும், யாருக்கும் தெரியாது."

கிழித்துப் போட்ட எழுத்து எழுத்தா? துவரங்குறிச்சியில் பதின்வயதில் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட ராஜாத்தி, இரவில் கழிவறையில் நின்று எழுதினார். சல்மா என்ற பெயரில் வந்த அந்தக் கவிதைகளை அவருடைய அம்மாதான் மறைத்து வெளியே அனுப்ப உதவினார். அதே பயத்தில் இருந்த ஓர் அம்மா. என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் கழித்து, "அந்தம்மா வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலயா?" என்று கேட்டார். சொன்னார்கள், பிரச்சினை ஆனது, பிறகும் எழுதினார் என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் கிழிக்கச் சொல்வதை விட்டுவிட்டார்.

இந்தக் கட்டுரையை அப்பாயியிடம் கொடுத்தேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தாள். மணலில் குச்சியால் எழுதியது என்ன என்று இப்போதாவது சொல் என்றேன். மறந்துபோச்சு என்று சிரித்தாள். சுனாமிக் கணக்கு எழுத வந்தவரைப் பற்றிய இடத்துக்குத் திரும்பிப்போய், அங்கே விரலை வைத்தாள்.

"எல்லாஞ் சரி. அன்னிக்கி அவரு பேனாவ வாங்கித்தான் போட்டேன். திருப்பிக் குடுக்கல. அதையும் எழுது."