ஊமையான மேளம்

எமது கல்லூரிப் பாண்ட் வாத்தியக் குழுவுக்கு நாம் பொறுப்பாசிரியரானது சங்கீத ஞானத்தினாலன்று. அவ்வாண்டு வேறெவரும் அகப்படாமையினாலேயாம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு வாரமே இருந்தது. அணிநடைக்குத் தாளமிடும் சைட் டிரமோ பொரிந்து ஒலிப்பதற்குப் பதிலாக அட்டைப் பெட்டியைத் தட்டினாற்போல் ஒலித்தது.

"கையிலே உரமில்லை" என்று, அதனை வாசித்த பத்தாந் தர மாணவனைக் கடிந்தோம். அவன் மறுமொழி கூறாது ஓங்கி அடித்தான். ஒலி இன்னுஞ் செத்தது. வேறொருவனைச் சேர்த்துக்கொள்ளலாமோ என்றும் எண்ணிவிட்டோம்.

அந்த மேளத்தின் உயிர் அடிபடும் மேல்முகத்தில் மட்டும் இல்லை. கீழ்முகம் மிக மெல்லியது. அதன் குறுக்கே சுருட்கம்பிகள் படிந்து கிடக்கின்றன. மேலே விழும் அடி உள்ளிருக்கும் காற்றைத் தள்ள, காற்றுக் கீழ்முகத்தை அதிர்விக்க, கம்பிகள் துள்ளித் துள்ளி அதன்மேல் விழுகின்றன. அந்தச் சலசலப்பே நாம் விரும்பும் ஒலி. நாமோ ஒலி கூர்மையாகட்டுமென்று கம்பிகளை நாள்தோறும் இறுக்கி வந்தோம்! இறுகிய கம்பி எங்ஙனம் துள்ளும்? மழைக் குளிரில் தோல் தளர்ந்தது என்று வானத்தின்மேற் பழிபோடவும் வழியில்லை. 1957 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரெமோ பெலி என்பார் மைலார் என்னும் பிளாஸ்டிக்குத் தாளாலான முகங்களைச் செய்து விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். எமது மேளத்தின் முகங்களும் அவ்வகையினவே.

"சேர், ஒருக்கால் நான் சுருதி பார்க்கட்டோ?" என்றான் மாணவன். அவன் மிருதங்கம் பயில்பவன் என்பதை அன்றுதான் அறிந்தோம். கம்பிகளைத் தளர்த்தினான். முகத்தின் நடுவே விரலை மெல்ல வைத்து, ஒவ்வொரு திருகாணிக்கும் அருகே ஓரங்குலம் உள்ளே தட்டிச் செவிசாய்த்தான். மிருதங்கத்தின் வாரைச் சுற்றிலும் தட்டிச் சுருதி சேர்ப்பவனுக்கு இது புதிதன்று. ஓரிடம் தாழ்ந்து ஒலித்தது. அங்கே சிறிது திருகினான். உடனே பக்கத்துத் திருகாணியைத் தொடாது எதிர்ப்புறத்துக்குத் தாவினான். ஒரு பக்கமாகவே இறுக்கினால் வளையம் கோணுமல்லவா? கீழ்முகத்தை மேல்முகத்திலும் சற்று உயர்ந்த சுருதியில் நிறுத்தினான். கடைசியாகக் கம்பிகளைச் சிறிது சிறிதாக இறுக்கி, விரல்நுனி பட்டதும் சலசலப்புக் கேட்ட இடத்தில் கையை எடுத்தான். அரை மணி நேரம் சென்றிருக்கும்.

பின்பு கோலை எடுத்து அடித்தான். மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடிந்துகொண்டமைக்கு வருந்துகிறோம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. ஆசிரியர்களுக்குரிய பழைய நோய் அது. சிற்றுண்டிச்சாலைக்கு அழைத்துச் சென்று தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்தோம். அவன் பாதி வடையை உண்ட பின்பே அந்தச் சொற்கள் எம் வாயிலிருந்து வந்தன.