கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம்... எடப்பாடி தறிவீடுகள் சொல்லும் பாடம்!

எடப்பாடி என்றதும் பலருக்கு அரசியல்தான் நினைவுக்கு வரும். தைப்பூச பக்தர்களுக்கோ, எடப்பாடி காவடிக் குழுவினர் பழநி மலையில் தங்கி டன் கணக்கில் செய்யும் பஞ்சாமிர்தம். ஆனால், சரபங்கா ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் தெருக்களில் நடந்தால், முதலில் காதில் விழுவது தறிச்சத்தம். இடைவிடாமல் கடகடவென்று அடித்தால் அது விசைத்தறி. நின்று நின்று டக்... டக்... என்று கேட்டால், உள்ளே ஒருவர் கைத்தறியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

வீட்டுக்குள் தறியா, தறிக்குள் வீடா?

பழைய கைத்தறி வீடுகளில் பெரிய இடம் தறிக்குத்தான். தரையில் ஒரு குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். நூல் தரைமட்டத்துக்குப் பக்கத்தில் ஓடுவதால் மண்ணின் ஈரம் அதைக் காக்கிறது. காய்ந்த பருத்தி நூல் பட்டென்று அறுந்துவிடும். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் மிச்சமிருக்கும் இடத்தில்தான்.

எது எங்கே இருக்கும்?

ஒவ்வொரு பொருளின் இடத்தையும் தீர்மானிப்பது நெய்பவரின் கைதான். குழிக்குள் இறங்கியவர் அடிக்கடி எழுந்திருக்க முடியாது. அதனால் நூல் சுற்றிய தார்க்குச்சிகள் ஒரு கிண்ணத்தில், கைக்குப் பக்கத்தில். மாற்று நாடா, கத்தரி, அறுந்த இழையை முடிய துண்டு நூல் எல்லாம் உட்கார்ந்தபடியே எடுக்கிற இடத்தில். தார் சுற்றும் ராட்டை, வெளிச்சம் வரும் வாசல் பக்கம். வீட்டில் இன்னொருவர் அங்கே உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தால்தான் தறி நிற்காமல் ஓடும்.

அன்றாடம் தேவைப்படாதவை மேலே போய்விடும். பழைய அச்சு, விழுது எல்லாம் துணியில் சுற்றிப் பரணில். நிறம் நிறமாகப் பிரித்த நூல் சிட்டங்கள் கொடியில். தரையில் சிட்டத்தை வைத்தால் தூசு படியும், எலி கடிக்கும், குழந்தைகள் காலில் சிக்கும்.

சிக்கு விழுந்தால் கூலி போச்சு!

இந்த ஒழுங்கு அழகுக்காக அல்ல. ஒரு பாவு முடிந்ததும், அதன் முனையோடு புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் பிணைக்க வேண்டும். வரிசை மாறினால் துணியில் கோடு விழும். சிக்கு எடுக்க உட்கார்ந்தால் அன்றைய பொழுதே போய்விடும். நெய்த துணிக்குத்தான் கூலி. சிக்கு எடுத்த நேரத்துக்குக் கிடையாது. அதனால்தான் நெசவாளர் வீட்டுக் குழந்தைகள் முதலில் கற்றுக்கொள்வது, 'பாவைத் தொடாதே' என்பதை.

குழி மூடினால்...

இன்று எடப்பாடியில் விசைத்தறிகளே அதிகம். தமிழக அரசு 2023-ல், இரண்டு மாதங்களுக்கான இலவச மின்சாரத்தைக் கைத்தறிக்கு 200-லிருந்து 300 யூனிட்டாகவும், விசைத்தறிக்கு 750-லிருந்து 1,000 யூனிட்டாகவும் உயர்த்தியது. ஆனால், கைத்தறி வீடுகளின் கவலை மின்சாரம் மட்டுமல்ல, இடமும்தான். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய், வீட்டைப் புதுப்பிக்கும்போது முதலில் மூடப்படுவது தறிக்குழி. டைல்ஸ் போட்ட பிறகு அதை மறுபடி யாரும் தோண்டப் போவதில்லை. கட்டில் போட இடம் கிடைக்கும். தலைமுறையாக வந்த தொழில் அந்த வீட்டோடு நின்றுவிடும்.

எடப்பாடிப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் பூலாம்பட்டி காவிரிப் படகுத்துறைக்குத்தான் போகிறார்கள். வழியில் டக்... டக்... என்று சத்தம் கேட்டால், வாசலில் நின்று அனுமதி கேட்டுவிட்டு எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுத் தையல் மெஷினைச் சுற்றிக் குவிந்திருக்கும் துணியும் நூல்கண்டும் நிச்சயம் நினைவுக்கு வரும். அடிக்கடி எடுப்பது கைக்குப் பக்கத்தில், எப்போதாவது எடுப்பது பரணில். தறிவீடுகளின் கணக்கு அவ்வளவுதான்!