பழவேற்காட்டில் வேர் தேடுவோர்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில், எண்ணூரையும் அத்திப்பட்டையும் கடந்து மீஞ்சூரில் நிற்கிறது. அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் சரக்கு லாரிகளும் நிறைந்த இவ்வட்டாரத்தில், ‘வட காஞ்சி’ என்ற பெருமையை இன்றளவும் சுமந்து நிற்கும் தலம் மீஞ்சூர். காஞ்சி மாநகரைப் போலவே இங்கும் ஏகாம்பரேஸ்வரரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் எழுந்தருளி அருள்பாலிக்கின்றனர்.

எந்த ஆலயத்திலும் நிகழ்வது போலவே, இங்கும் அர்ச்சனைத் தட்டை வாங்கும் அர்ச்சகர் முதலில் கேட்பது கோத்திரம், நட்சத்திரம், பெயர். அன்றாடம் நாம் பொருட்படுத்தாமல் கடந்துவிடும் கேள்வி இது. ‘நீ யார்?’ என்று மட்டும் கேட்காமல், ‘நீ யாருடைய வழியில் வந்தவன்?’ என்றும் இறைவனின் சந்நிதி நம்மைக் கேட்கிறது. விடை தெரியாதவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. சிவாலயத்தில் சிவ கோத்திரம் என்றும், பெருமாள் கோயிலில் விஷ்ணு கோத்திரம் என்றும் சொல்லி அர்ச்சனை நடந்தேறுகிறது. வழி தெரியாதவருக்குத் தன் வழியையே இறைவன் தந்துவிடுகிறான்.

மீஞ்சூருக்கு அருகில் உள்ள மேலூரில் திருமணங்கீஸ்வரரும் திருவுடையம்மனும் கோயில் கொண்டுள்ளனர். மேலூர் திருவுடையம்மனை இச்சா சக்தியாகவும், திருவொற்றியூர் வடிவுடையம்மனை ஞான சக்தியாகவும், திருமுல்லைவாயில் கொடியிடையம்மனை கிரியா சக்தியாகவும் போற்றுவது மரபு. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாளில் காலை, நண்பகல், மாலை என மூன்று அன்னையரையும் தரிசிக்க வரும் குடும்பங்கள் ஏராளம். பல ஆண்டுகள் பேசாதிருந்த உறவினர் இத்தகைய நாளில் பிராகாரத்தில் எதிர்ப்பட்டு, குழந்தைகளை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைப்பதும் உண்டு.

உறவைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் குலதெய்வத்திடமே ஒப்படைத்திருக்கின்றன. ஊரை விட்டுப் போனாலும், நிலத்தை விற்றாலும், முதல் முடியிறக்கவும் காது குத்தவும் குலதெய்வத்தின் வாசலுக்கு வந்தாக வேண்டும். அங்கே ஒரே தெய்வத்தை வணங்கும் தந்தை வழியினர் அனைவரும் பங்காளிகள். திருமணப் பேச்சின்போது ‘உங்கள் குலதெய்வம் எது?’ என்று பெரியோர் கேட்பதும் இதனால்தான். விடை ஒன்றாக இருந்தால் மணமக்கள் உடன்பிறந்தார் முறை ஆகிவிடுவர்.

அந்தக் கோயில்களில் எழுதப்பட்ட சான்றும் உண்டு. திருவிழாவுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் வசூலிக்கும் தலைக்கட்டு வரியின் கணக்கு நோட்டே அது. மணமாகித் தனிக் குடும்பம் ஆனவர் ஒரு தலைக்கட்டு. பழைய நோட்டில் ஒருவர் பெயர் இருக்கும். அடுத்த நோட்டில் அவர் பெயர் மறைந்து, மக்கள் மூவரின் பெயர்கள் தனித்தனியே ஏறியிருக்கும். வரி எழுதியவர் தம்மை அறியாமலே வம்சாவளி எழுதிவைத்திருக்கிறார். வடக்கே ஹரித்வாரில் பண்டாக்கள் யாத்திரிகரின் ஊரையும் குலத்தையும் கேட்டு, பாட்டன் முப்பாட்டன் வந்துபோன விவரத்தைத் தங்கள் நீண்ட ஏடுகளிலிருந்து எடுத்துக் காட்டுவது இதன் விரிந்த வடிவம்.

மீஞ்சூரிலிருந்து ரயிலில் இரண்டாவது நிலையம் பொன்னேரி. ஆரணியாற்றங்கரையில் அகஸ்தீஸ்வரரும், திருவாயர்பாடியில் கரிகிருஷ்ணப் பெருமாளும் அருளும் தலம். சித்திரைப் பெருவிழாவில் இரு மூர்த்திகளும் வீதியில் எதிரெதிரே எழுந்தருளிச் சந்திக்கும் வைபவம் இங்கு புகழ்பெற்றது. பொன்னேரியிலிருந்து கிழக்கே பேருந்தில் சென்றால், வயல்கள் முடிந்து உவர்நிலம் தொடங்கி, சாலையின் முடிவில் பழவேற்காடு ஏரி கண்ணில் விரிகிறது. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது.

வேற்காடு என்பது வேல மரங்கள் நிறைந்த காடு. தொன்மை கருதிப் ‘பழ’ என்ற அடைமொழி சேர்ந்தது. ஆயினும் முன்னோரைத் தேடி வருவோரின் செவியில் அது ‘வேர்’ என்றே ஒலித்தால் வியப்பில்லை. ஊரின் நடுவே விஜயநகரக் காலப் பாணியில் அமைந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில், செம்புரைக்கல் கட்டுமானத்தில் ராமாயணக் காட்சிகள் சின்னஞ்சிறு சிற்பங்களாய் இடம்பெற்றுள்ளன. ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டுகளில் மீனவக் குப்பங்கள். வலைகள் காயும் மணலைத் தாண்டினால் ஒவ்வொரு குப்பத்திலும் ஓர் அம்மன் சந்நிதி.

இம்மீனவரிடமும் தலைக்கட்டு என்ற சொல் வாழ்கிறது. ஏரியில் நல்ல மீன்பாடு உள்ள இடங்களை யாரும் தனக்கென்று வளைத்துக்கொள்ளாதபடி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ எனும் ஏற்பாடு இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. அந்த முறையில் இடம் பெற, உரிமையுள்ள குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். மணமாகித் தலைக்கட்டாகவும் ஆகியிருக்க வேண்டும். ஆகவே ‘நீ யார் மகன்?’ என்ற கேள்வி இங்கே அன்றாட உணவைத் தீர்மானிக்கும் கேள்வி. தகப்பன் பெயரைச் சொல்ல முடிந்தவனுக்கு நீரிலும் ஓர் இடம் உண்டு.

இதே கரையில் தகப்பன் பெயரை இழந்தவர்களின் வரலாறும் இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துணி வணிகத்துக்காக டச்சுக்காரர்கள் இங்கு வந்தனர். 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பழவேற்காடுதான். கோட்டை இன்று புதர்மண்டிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இருமருங்கிலும் எலும்புக்கூட்டு உருவங்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்துகள் இன்றும் கூர்மை குன்றாமல், இறந்தவர் யார், என்ன பதவி வகித்தார், எந்நாளில் மறைந்தார் என்று சொல்கின்றன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஹாலந்திலிருந்து ஒருவர் தம் முன்னோரைத் தேடி வந்தாலும், கல் அவருக்கு விடை சொல்லும்.

அக்காலத்தில் கோட்டையைக் கடந்து கப்பலேற்றப்பட்ட நம்மவருக்கு அப்படி ஒரு கல் இல்லை. போரும் பஞ்சமும் சூழ்ந்த ஆண்டுகளில், ஒரு வேளைச் சோற்றுக்கு வழியின்றிப் பெற்றோரே பிள்ளைகளை விற்ற கொடுமை இக்கரையில் நிகழ்ந்தது. விலைக்கு வாங்கப்பட்டோரும் பிடித்து வரப்பட்டோரும் பழவேற்காட்டிலிருந்து, இன்று ஜகார்த்தா எனப்படும் பதாவியாவுக்கும் அதற்கு அப்பால் உள்ள தீவுகளுக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டனர். அவர்களுக்குப் புதிய கிறித்தவப் பெயர் சூட்டப்பட்டது. பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர் எழுதப்பட்டது.

அவ்வாறு எழுதப்பட்ட பெயர்களுள் ஒன்று ‘கத்ரைன் வான் பலியகத்தா’. பலியகத்தா என்பது டச்சுக்காரர் வாயில் பழவேற்காடு. ‘வான்’ என்றால் அவ்வூரைச் சேர்ந்தவர். பதாவியாவில் அடிமையாக இருந்த இப்பெண், தன்னை அடித்துத் துன்புறுத்திய ஒருவனைத் திருப்பித் தாக்க, அவன் இறந்துபோனான். அவளுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், அப்போதுதான் தோன்றியிருந்த டச்சுக் குடியிருப்பில் அவள் இறக்கப்பட்டாள். அங்கே துணி வெளுக்கும் வேலை அவளுக்கு வாய்த்தது. அக்குடியிருப்பின் ஆவணங்கள் அவளைப் ‘பெரிய கத்ரைன்’ என்று குறிக்கின்றன.

ஜெர்மானியப் படைவீரன் ஒருவன் வழியே அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். 1669-இல் அவனுக்கு ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்னும் அம்மகன், ஐரோப்பாவிலிருந்து அகதியாய் வந்த ஒரு குடும்பத்துப் பெண்ணை மணந்தான். அவர்கள் வழியே பெருகியதுதான் தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குலம். 1948-க்குப் பின் நிறத்தின் பெயரால் மக்களைப் பிரித்த ஆட்சி அந்நாட்டில் வேரூன்றியபோது, அக்குலத்தவர் பலர் வெள்ளையர் என்ற வரிசையில் இருந்தனர். நீதிமன்றப் பதிவுகளையும் தேவாலயப் பதிவேடுகளையும் புரட்டிய வம்சாவளி ஆய்வாளர்கள், அந்தப் பெருங்குடும்பத்தின் ஆதித்தாய் பழவேற்காட்டுப் பெண் என்பதை வெளிக்கொணர்ந்தனர்.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் அவளுடைய தாய் அவளை என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்பதைச் சொல்ல ஏடு எதுவும் இல்லை. எந்தத் தெய்வத்தின் வாசலில் அவளுக்கு முதல் முடி இறக்கினார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. ஊர்ப் பெயர் ஒன்றே எஞ்சியது. அந்த ஒன்றே முந்நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து, அவள் சந்ததியைப் பழவேற்காட்டின் பக்கம் திரும்பிப் பார்க்கச் செய்தது.

அடுத்த பெரும் பிரிவு ஆங்கிலேயர் காலத்தில் நேர்ந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக 342 பேரைச் சுமந்துகொண்டு, 1860 அக்டோபரில் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1911 வரை இவ்வாறு நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். இம்முறை பெயரோடு தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் பட்டியலில் எழுதப்பட்டன. கூலிக் கணக்குக்காக எழுதிய அப்பட்டியலே இன்று பேரப்பிள்ளைகளின் கையில் திறவுகோலாகியிருக்கிறது. அக்காலத்தில் மீஞ்சூரும் பொன்னேரியும் செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்து, எந்தத் தமிழ் ஊரோடு அது பொருந்துகிறது என்று தேடுவதே இவ்வாராய்ச்சியின் கடினமான பகுதி. ஊர் கிடைத்துவிட்டால், அங்குள்ள கோயிலில் தலைக்கட்டுக் கணக்கு வைத்திருக்கும் முதியவரைக் காண்பது அடுத்த படி.

நம் வீட்டிலும் இப்பணியை இன்றே தொடங்கலாம். பாட்டி, தாத்தா இருக்கும்போதே அவர்களுடைய பெற்றோர் பெயரையும், பிறந்த ஊரையும், குலதெய்வத்தையும் எழுதிவைக்க வேண்டும். பெண்மக்கள் வாழ்க்கைப்பட்ட ஊர்களையும் விடாமல் குறிக்க வேண்டும். வரி நோட்டு ஆண்களையே எண்ணுவதால், அத்தைமார் வழி உறவுகளே முதலில் மறைந்துபோகின்றன. மஞ்சள் தடவிய பழைய திருமணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம், நிழற்படத்தின் பின்புறக் குறிப்பு ஒவ்வொன்றும் சான்றுதான். குலதெய்வம் மறந்துபோன குடும்பத்தினர், பங்காளிகள் எவரேனும் எங்கேனும் படையலிடுகிறார்களா என்று விசாரித்தால், தெய்வமும் உறவும் சேர்ந்தே கிடைக்கக்கூடும்.

தேடியும் கிடைக்காதவர்களுக்கு என்ன செய்வது? நம் முன்னோர் அதற்கும் வழி வைத்திருக்கின்றனர். மகாளய பட்சத்தில் தந்தை, தாய் வழி முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்தபின், காருணிக பித்ருக்கள் என்று உற்றார், நண்பர், ஆசான் வரை நினைந்து நீர் வார்க்கிறோம். தர்ப்பணத்தின் நிறைவில் இன்னும் ஒரு கை நீர் உண்டு. தாயென்றும் தந்தையென்றும் உறவென்றும் கோத்திரமென்றும் சொல்லிக்கொள்ள எவரும் இல்லாத உயிர்கள் அனைத்தும் இந்தத் தர்ப்பை நீரால் நிறைவு பெறட்டும் என்பது அதன் கருத்து.

மீஞ்சூரில் ஈசனையும் பெருமாளையும் தரிசித்துப் பொன்னேரி வழியே பழவேற்காடு செல்லும் அன்பர்கள், ஆதிநாராயணரை வணங்கிய பின் சற்று நேரம் ஏரிக்கரையில் நிற்கலாம். அமாவாசை நாளாயின், அந்தக் கடைசிக் கை நீரை வார்க்கும்போது, இந்த நீரின் வழியே போய்த் திரும்பாதவர்களையும், பெயர் தெரியாத அந்தப் பழவேற்காட்டுப் பெண்ணையும் நெஞ்சில் நினைத்துக்கொள்ளலாம்.