சொல் கேட்க வேண்டியவர் யார்?

சொல்வழி கேட்கிற பெண் என்றால் எங்கள் ஊர்களில் நல்ல பெயர். கணவனை இழந்தவளிடம் இந்தக் குணத்தை இன்னும் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள். அண்ணன் சொல்வதைக் கேள், ஊர் சொல்வதைக் கேள், கடன் தந்தவர் சொல்வதைக் கேள் என்பார்கள். ‘கடவுளின் கட்டளைக்குக் கீழ்ப்படி’ என்ற உபதேசமும் பல வேளைகளில் ‘பொறுத்துக்கொண்டு பேசாமல் இரு’ என்ற பொருளிலேயே அவளிடம் வந்து சேர்கிறது.

எபிரேய வேதம் சொல்வது வேறு. எபிரேய மொழியில் ‘ஷாமா’ என்ற ஒரே சொல் காதால் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் குறிக்கும். தமிழில் நாம் ‘சொல் கேட்டான்’ என்பதுபோலத்தான். விதவையையும் தகப்பனற்ற பிள்ளையையும் ஒடுக்கக் கூடாது என்று யாத்திராகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஒடுக்கப்பட்டு அவர்கள் முறையிட்டால் தாம் கேட்பதாகக் கடவுள் சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. மனிதர் கேட்க மறுத்தால் கடவுள் கேட்பார் என்பதே அதன் எச்சரிக்கை.

அந்தச் சமூகத்தில் நிலம் மகன்மாருக்கே போனது. மகன் இல்லாவிட்டால் மகளுக்குப் போகும். மனைவிக்குப் பங்கு சொல்லப்படவில்லை. அதனால் விதவையின் வாழ்வு மற்றவர்களின் கையில் இருந்தது. ஆகவே கட்டளைகள் அந்த மற்றவர்களை நோக்கியே வந்தன. உபாகமம் 24ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது, அது ஒரு குடும்பத்தின் உயிரையே அடகு வாங்குவதாகும். விதவையின் உடையை ஈடாக எடுக்கக் கூடாது. கடன் கொடுத்தவன் ஈடு வாங்க வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும். அறுவடையில் மறந்துபோன அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது, அது அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. போவாஸின் வயலில் ரூத் கதிர் பொறுக்கியதும் இப்படியான கட்டளையினால்தான். அது பிச்சை அல்ல, அவளுடைய உரிமை.

எங்கள் பெண்கள் குழுவில் ஒருநாள் இந்தப் பகுதியைப் பற்றிக் கதைத்தோம். கிழமைத் தவணைக்கு வருபவர் காசு கிடைக்கும்வரை முற்றத்தில் கதிரை போட்டு இருப்பதை அங்கே அறியாதவர் இல்லை. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு அம்மா, “படலைக்கு வெளியே நில் எண்டு அந்தக் காலத்திலேயே சொல்லியிருக்கே, பிள்ளை!” என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டளை இருந்தும் அதை மீறியவர்கள் அன்றும் இருந்தார்கள். இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில், கடனுக்காக இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக ஒருவன் வருகிறான். அந்த விதவை பேசாமல் இருக்கவில்லை. எலிசா தீர்க்கதரிசியிடம் போய் முறையிட்டாள். அயலவர்களிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கி, தன்னிடமிருந்த சிறிதளவு எண்ணெயை அவர் சொன்னபடி வார்த்தாள். எண்ணெய் பெருகியது. விற்றுக் கடனைத் தீர்த்தாள். இங்கேயும் 2018இல், நுண்கடனால் நொந்த பெண்கள் குரல் எழுப்பிய காலத்தில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. முறையிடுவது கீழ்ப்படியாமை அல்ல.

ஆனால் சகோதரிகளே, உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் இன்னுமொரு வார்த்தை உண்டு. எகிப்தில் நீயும் அடிமையாய் இருந்தாய் என்பதை நினைத்து இவற்றைச் செய் என்கிறது வேதம். துன்பப்பட்டவர்களுக்கும் கட்டளை உண்டு. குழுக்கடனில் ஒருத்தி தவணை தவறினால், மற்ற நான்கு பேரும் அவளுடைய வாசலில் போய் நிற்கிறோம். அந்த வேளையில் கட்டளை நம்மை நோக்கியே வருகிறது. அவள் ஏன் கட்டவில்லை என்று முதலில் கேட்போம். அவளுடைய தையல் இயந்திரத்தில் கை வைக்காமல் இருப்போம். சொல் கேட்பது என்பது அதுதான்.