உறைபனியும் உறையாத அருவியும்

மார்கழி, தை மாதங்களில் மூணாறு செல்லும் அன்பர்கள் பலர், அங்கே அருவியும் உறைந்து நிற்குமென்று எண்ணிப் புகைப்படக் கருவியோடு புறப்படுகின்றனர். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் செல்வோர்க்கு, சின்னாறும் மறையூரும் கடந்தபின் சாலையோரத்திலேயே லக்கம் அருவி காட்சி தரும். இரவிகுளம் மேட்டுநிலத்திலிருந்து இறங்கி, பாம்பாற்றிற் கலந்து, அமராவதி வழியே காவிரியைச் சேரும் நீர் அது. நாம் பிழைப்பைத் தேடி மேற்கே வந்தோம். அந்நீரோ கேரள மலையிற் பிறந்து தமிழ்நாட்டுக்குச் செல்கிறது.

அவ்வருவி உறைவதில்லை. மண்ணுக்குள்ளிருந்து ஊறிவரும் நீரில் வெப்பம் உண்டு. ஓயாது ஓடுவதால், சில மணி நேரக் குளிர் அதனைக் கட்டியாக்கப் போதாது. நயாகராவிலேயே கடுங்குளிரில் கரையோரம் பனிக்கட்டி படியுமேயன்றி, அருவி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மூணாற்றில் உறைவது புல்லும் தேயிலையுமே. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவேதான் செண்டுவரை போன்ற இடங்களின் தாழ்ந்த வெளிகள் விடியற்காலையில் வெண்பட்டு விரித்தாற்போல் தோன்றுகின்றன.

படமெடுக்க விரும்புவோர் சூரியோதயத்துக்கு முன்பே அங்கு நிற்றல் வேண்டும். வெயில் ஏறியதும் பனி மறைந்துவிடும். குளிரிலிருந்து திரும்பியதும் கருவியை அறைக்குள் உடனே திறந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். பைக்குள்ளேயே சிறிது நேரம் வைத்திருப்பது நலம்.

ஆயினும், அக்காட்சிக்கு ஒரு விலை உண்டு. பனி கடித்த கொழுந்து வெயில் பட்டதும் கருகிவிடும். புதுத் தளிர் வரப் பல வாரங்கள் ஆகும். 2019 ஜனவரியில் வெப்பநிலை பல நாட்கள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியபோது பெரும் பரப்பில் தேயிலை கருகிற்று. கொழுந்து குறைந்தால், நிர்ணயித்த அளவுக்கு மேல் பறிப்பதற்குக் கிடைக்கும் உபரிக் கூலியும் குறையும். அக்கூலியை நம்பி வாழ்வோரிற் பெரும்பாலோர், சில தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து மலையேறிய நம்மவரின் வழித்தோன்றல்களே.

ஆகவே படமெடுக்கச் செல்லும் அன்பர்கள் தேயிலை வரிசைக்குள் புகாது, சாலையோரத்தில் நின்றே எடுப்பார்களாக. மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் எதிர்ப்பட்டால், இவ்வாண்டு பனி எவ்வளவு கொழுந்தைக் கொண்டுபோயிற்று என்று தமிழிலேயே கேட்டறியலாம்.