மாதா கோயிலுக்குள்ளே

நமது குடும்பங்களில் மாதா கோயிலைப் பற்றிய ஞானம் பெரும்பாலும் வெளிச் சுவருடன் நின்றுவிடுகிறது. விருந்தாளிகளுக்கு வழி சொல்வதற்கு அது நல்ல அடையாளம். மணி அடித்தால் கடிகாரத்தைச் சரிபார்த்துக் கொள்கிறோம். கிறிஸ்துமஸ் தினத்தன்று அடுத்த வீட்டிலிருந்து பலகாரத் தட்டு வந்தால் மனமுவந்து ஏற்றுக்கொள்கிறோம். அத்துடன் சரி. பேரூர்க் கனகசபையின் தூண்களைத் தடவித் தடவி வியக்கும் நாம், பெரிய கடை வீதியில் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக நிற்கும் ஓர் ஆலயத்தின் கதவுக்குள் எட்டிப் பார்த்ததுண்டா?

கோயமுத்தூரின் காவல் தெய்வமான கோனியம்மன் குடிகொண்டிருப்பதும் அந்தப் பகுதியில்தான். மகிஷனை மாய்த்த துர்க்கையின் வடிவமாக ஊரார் வணங்கும் அம்மன் அவள். சற்று தூரத்தில் இருக்கும் கிறிஸ்தவப் பேராலயம் அதிதூதரான மிக்கேலின் பெயரால் அமைந்தது. மிக்கேலைச் சித்திரிப்போர் பெரும்பாலும் கையில் வாளோ ஈட்டியோ கொடுத்து, காலடியில் ஒரு பேயைக் கிடத்தியே சித்திரிப்பார்கள். நம் வீட்டுப் பாட்டிமார்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் விளக்கம் கேட்க மாட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் நாம் உள்ளே சென்றோம். உபதேசியார் ஒருவர், "வாங்க, உட்காருங்க, பூசைக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க" என்று உபசரித்தார். நாம் பூசைக்கு வரவில்லை, கட்டடத்தைப் பார்க்க வந்தோம் என்றதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

முதலில் கண்ணில் படுவது இடத்தின் விசாலம். நமது கோயிலில் கருவறை சிறியது, இருண்டது; அங்கே ஒரு தீபம் போதும். பிராகாரங்களைக் கடந்து, வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் போய்த் தெய்வத்தைத் தரிசிக்கிறோம். பழைய கிரேக்க, ரோமானியக் கோயில்களும் ஏறக்குறைய இத்தகையவையே. அவை தெய்வத்தின் வீடு, ஜனங்கள் நிற்பது வாசலில். கிறிஸ்தவர்களின் தேவையோ வேறு. ஒன்றாகக் கூடி, வேதம் வாசிக்கக் கேட்டு, ஒரே பந்தியில் அப்பம் உண்பது அவர்களுடைய வழிபாடு. 313-ஆம் வருஷத்தில் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி அவர்களுக்குப் பகிரங்கமாக வழிபடும் உரிமையை அளித்தபோது, ஆலயத்துக்கு எந்த மாதிரியைக் கைக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. அவர்கள் கோயிலின் மாதிரியை விட்டு, 'பசிலிக்கா' என்ற ரோமானியப் பொது மண்டபத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டார்கள். நியாயஸ்தலமும் வியாபாரமும் நடக்கும் மண்டபம் அது. நீண்ட நடுக்கூடம், இரு புறமும் தூண் வரிசை, கோடியில் நீதிபதி அமரும் அரைவட்ட மாடம். நீதிபதியின் இடத்தில் பீடம் வந்தது. இன்றைக்கும் பழைய மாதா கோயில்களின் அமைப்பில் அந்தக் கச்சேரி மண்டபத்தின் சாயல் இருக்கிறது. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா ஆலயத்துக்கு ரோமாபுரி அளித்திருக்கும் 'பசிலிக்கா' என்ற பட்டம் பிறந்த கதை இதுதான்!

நடுக்கூடத்துக்கு ஐரோப்பிய பாஷைகளில் வழங்கும் பெயர், லத்தீனில் கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' என்ற சொல்லிலிருந்து வந்ததென்பர். சம்ஸ்கிருதத்தின் 'நௌ' அதற்கு உறவு. நமக்கு 'நாவாய்' நினைவுக்கு வருகிறது. உள்ளே இருந்தபடி அண்ணாந்து பார்த்தால், மரக்கூரை கவிழ்த்த கப்பலின் வயிறு போலத் தோன்றும் கோயில்கள் உண்டு. பிறவிப் பெருங்கடலைத் தாண்டத் தோணி வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த உவமை புதிதல்ல.

திசையிலும் ஒரு ருசிகரமான வித்தியாசம் இருக்கிறது. நமது கோயில்களில் பெரும்பாலும் சுவாமி கிழக்கு நோக்குகிறார்; நாம் மேற்கு நோக்கி வணங்குகிறோம். பழைய கிறிஸ்தவ மரபிலோ பீடம் கிழக்கே அமையும். ஜனங்கள் சூரியன் உதிக்கும் திக்கைப் பார்த்து நிற்பார்கள். பட்டணங்களில் வீதியின் போக்கு இந்த விதியைப் பல தடவை மீறச் செய்துவிடுகிறது. ஞானஸ்நானத் தொட்டியை வாசலருகே வைப்பது மரபு. நுழைவதற்கு முன் நீராட வேண்டும் அல்லவா? பல மேனாட்டுக் கோபுரங்களின் உச்சியில் ஒரு சேவல் நிற்கும். இராயப்பர் தம் குருவை மூன்று முறை மறுதலித்தபின் கூவிய சேவலாம் அது. சேவலைக் கொடியாகக் கொண்ட முருகன் குன்றுதோறும் நிற்கும் கொங்கு நாட்டில் இதை வேறு விதமாக அர்த்தம் செய்துகொள்பவர்கள் இருந்தால் குற்றமில்லை.

பீடத்தைக் காட்டி, "எங்க தாத்தா காலத்துல சாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டித்தானுங்க பூசை வைப்பாரு, அதுவும் லத்தீன்ல" என்றார் உபதேசியார். 1962 முதல் 1965 வரை வத்திக்கானில் கூடிய பொதுச்சங்கத்துக்குப் பிறகு குருவானவர் ஜனங்களின் பக்கம் திரும்பினார். பூசையும் தமிழுக்கு வந்தது. சுவர் எதையும் இடிக்காமலே ஒரு கோயிலின் அர்த்தம் மாறியது.

ரேஸ் கோர்ஸ் பக்கத்து 'ஆல் ஸோல்ஸ்' ஆலயம் மற்றொரு ஜாதி. 1872-ல் பிரதிஷ்டையான ஆங்கிலக் கோயில் அது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் அதைச் சேர்ந்தது. கூர்மையான வளைவு கொண்ட 'காதிக்' பாணி அதனுடையது. அந்தப் பாணி 12-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகருக்கு அருகில் பிறந்தது. வளைவு கூராக இருந்தால் பாரம் பக்கவாட்டில் அதிகம் தள்ளாமல் கீழே இறங்கும். சுவரை உயர்த்தலாம், பெரிய ஜன்னல்களைத் திறக்கலாம். வெயிலுக்கு ஏங்கிய தேசத்தார் செய்த யுக்தி. கோயமுத்தூர் வெயிலுக்கு அந்த யுக்தி எதற்கு என்று நாம் கேட்பதில் பயனில்லை. வீட்டை விட்டு ஏழாயிரம் மைல் வந்தவன் தன் கிராமத்துக் கோயிலைத்தான் கட்டுவான்.

ஆனால் உதகமண்டலத்து ஸ்டீபன் ஆலயத்தை அவ்வளவு சுலபமாக ஜீரணிக்க நம்மால் இயலவில்லை. 1829-ல் அஸ்திவாரமிட்டு 1830-ல் பிரதிஷ்டை செய்த அக்கோயிலின் பெரும் உத்தரமும் மற்ற மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தானின் லால் பாக் மாளிகையிலிருந்து வந்தவை. திப்பு 1799-ல் வீழ்ந்த பின்னரே கொங்கு நாடு கும்பினியாரின் கைக்குப் போயிற்று. அவருடன் சேர்ந்து போரிட்ட தீரன் சின்னமலையை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். இருபத்தைந்து வருஷங்களுக்குள் அரண்மனை மரம் மலையேறிவிட்டது. அழகான கோயில்தான், ஆயினும் அண்ணாந்து அந்த உத்தரத்தைப் பார்க்கிறவன் தேவனை மட்டும் நினைப்பது கடினம்.

அந்நியர் செய்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமாகாது. கோயிலின் தரைப் படம் நம்மவர்களையும் காட்டிக் கொடுக்கும். ஆல் ஸோல்ஸ் பிரதிஷ்டையான அதே 1872-ல், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலும் ஒரு கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. அதற்கு நடுக்கூடம் ஒன்றல்ல, இரண்டு. விரித்த இரு கால்களைப் போலப் பிரிந்து, பீடத்தருகே சேரும். ஒன்று 'உயர்ந்த' ஜாதியாருக்கு, மற்றொன்று மற்றவர்களுக்கு. ஒரே பந்தியில் உண்பதற்காகப் பொது மண்டபத்தைத் தேர்ந்தெடுத்த மதத்துக்கு, நமது நாடு அளித்த சிற்ப சாஸ்திரம் இது! பிரிவினைத் தடுப்பை 1910-ல் அகற்றினார்கள். மீண்டும் வேண்டுமென்று வழக்காடியவர்கள் சென்னை ஹைகோர்ட்டு வரை சென்று தோற்றார்கள். தடுப்புப் போயிற்று, இரட்டைக் கூடத்தை யார் என்ன செய்ய முடியும்?

ஈரோட்டில் வேறு விதமான முயற்சியைக் காணலாம். ஆஸ்திரேலியப் பாதிரியாரான பிரப் 1930-களில் கட்டி முடித்த ஆலயம், இந்துக் கலையும் முஸ்லிம் கலையும் கலந்த பாணியில் நிற்கிறது. குறளை ஆங்கிலமாக்கி, நமது சங்கீதத்தைப் பற்றிப் புஸ்தகமும் எழுதிய பாப்லி பாதிரியார் ஊழியம் செய்த ஊரும் அதுதான். காவேரிக் கரையில், குளித்தலைக்கு அருகே 1950-ல் தோன்றிய சாந்திவனத்தில் கோயிலுக்குக் கோபுரமே உண்டு. இவற்றைப் பார்த்துச் சிலர் 'வேஷம்' என்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஆயினும் உடை மாறுவது எளிது, ஆசனம் மாறுவதுதான் அரிது.

மிக்கேல் ஆலயத்தின் பீடத்தருகே உபதேசியார் கடைசியாகக் காட்டியது ஒரு நாற்காலியை. மேற்றிராணியாரின் ஆசனம். 'கதீட்ரல்' என்ற சொல்லே 'கதெட்ரா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து, அதாவது நாற்காலியிலிருந்து, வந்தது. பழைய தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கிய 'மேற்றிராசனம்' என்ற பதத்திலும் ஆசனம் ஒளிந்திருக்கிறது. எத்தனை பெரிய கோயிலாயினும் இந்த நாற்காலி இல்லாவிட்டால் அது கதீட்ரல் ஆகாது.

இந்த ஆலயம் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரரின் காலத்தில் எழத் தொடங்கியது. 1842-ல் இந்தியா வந்தவர். 1846-ல் கருமத்தம்பட்டியில் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றவர். சுதேசக் குருமாரைப் பயிற்றுவிக்க வேண்டும், நாளடைவில் இந்த ஆசனங்களிலும் சுதேசிகளே அமரவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. சக மிஷனரிகள் பலர் ஒப்பவில்லை. தேச ஆசாரங்களைப் பற்றிய விவகாரமும் அவர் மனச்சாட்சியை வருத்தியது. 1855-ல் பதவியைத் துறந்து ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையை ஸ்தாபித்தார். 1859-ல் ஸியரா லியோன் சேர்ந்த ஆறு வாரங்களுக்குள் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். கோயில் கட்டி முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னும் அந்த ஆசனத்தில் பிரெஞ்சுக்காரர்களே அமர்ந்தார்கள். 1940-ல்தான் உபகாரசாமி பெர்னதோத் என்ற தமிழர் மேற்றிராணியாராக அதில் வந்து அமர்ந்தார். தேசம் சுதந்திரம் பெறுவதற்கு ஏழு வருஷம் முன்னதாக.

"உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று நம்முடன் வந்திருந்த சிறுவன் கேட்டான். உபதேசியார் சிரித்து, "அதுக்கு ரொம்பப் படிக்கோணுமுங்க தம்பி" என்று சொல்லி, மேல்துண்டால் அதன் கைப்பிடியைத் துடைத்துவிட்டு, மணி அடிக்கப் போனார்.